சிறு நூலகத்துக்கு மின் நூற்பட்டியல்: நீலகிரியிலிருந்து ஒரு வழிகாட்டி

ஹட்டியிலோ (படகர் ஊர்) எஸ்டேட் லைனிலோ பள்ளிக்கூடத்திலோ நாலைந்து அலமாரி நூல்களை வைத்துக்கொண்டு, இதையெல்லாம் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு இந்த வேலையை முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கிடைக்கிற வழிகாட்டிகள் எல்லாம் ‘மென்பொருளை நிறுவுங்கள்’ என்றுதான் தொடங்குகின்றன. சிரமம் அங்கே இல்லை. ஒரே எழுத்தாளரின் பெயரை நாலு பேர் நாலு விதமாகத் தட்டச்சு செய்துவைத்தால், எவ்வளவு நல்ல மென்பொருளிலும் தேடும்போது பாதி நூல்தான் வரும். அதனால் இங்கே பெயருக்கும் எழுத்துக்கும் இடம் அதிகம். மென்பொருள் நடுவில் ஓரமாக வந்துபோகும்.

1. பட்டியலா, ஸ்கேனா? முதலில் இதைத் தீர்த்துவிடுங்கள்

கமிட்டிக் கூட்டத்தில் பேச்சை எடுத்ததுமே ஒருவர், “அப்படியே எல்லாப் புத்தகத்தையும் ஸ்கேன் பண்ணிப் போட்டுடலாமே” என்பார். அவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். நூற்பட்டியல் என்பது என்னென்ன நூல்கள் இருக்கின்றன, எந்த அலமாரியில் இருக்கின்றன, இப்போது உள்ளே இருக்கிறதா இரவல் போயிருக்கிறதா என்று சொல்லும் ஏற்பாடு. நூலின் உள்ளடக்கத்தைத் தருவது வேறு வேலை. அதற்குச் சட்டமும் குறுக்கே நிற்கும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். அதுவரை முழு நூலையும் ஸ்கேன் செய்து பொதுவில் வைக்கக் கூடாது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் அவற்றில் நிறைய ஏற்கெனவே தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கின்றன. நீங்கள் மறுபடி ஸ்கேன் செய்யத் தேவையில்லை. உங்கள் பதிவில் அந்த இணைப்பைப் போட்டால் போதும்.

2. கணினிக்கு முன் காகிதம்

வேலை தொடங்கும் நாளில் மேசைமேல் இவை இருக்க வேண்டும்.

முதலாவது, அக்சஷன் ரிஜிஸ்டர் என்று சொல்லும் சேர்ப்புப் பதிவேடு. நூலகத்துக்கு வந்த ஒவ்வொரு பிரதிக்கும் வரிசையாக ஓர் எண் போட்டு எழுதும் நோட்டு இது. பல ஊர்களில் இது பாதியில் நின்றிருக்கும், அல்லது இரண்டு நோட்டுகளில் ஒரே எண் இரண்டு நூலுக்குப் போயிருக்கும். பழைய எண்களைத் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள். குழப்பம் அதிகம் என்றால் பழைய நோட்டைப் பூட்டி வைத்துவிட்டு, புது நோட்டில் 1 என்று தொடங்குங்கள். பழைய எண்ணை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, நன்கொடைக் கடிதங்கள். நம் மலையில் பாதி நூல்கள் இப்படித்தான் வருகின்றன. பங்களாவைக் காலி செய்யும் குடும்பம், ஓய்வுபெற்ற ஆசிரியர், வெலிங்டனிலிருந்து மாற்றலாகிப் போகும் ராணுவ வீடு என்று பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். “வேண்டாததை நீங்கள் வேறு நூலகத்துக்குக் கொடுக்கலாம்” என்ற ஒரு வரியோடு கையெழுத்து வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 1980களின் வருமானவரி கைடுகளைக்கூடத் தூக்கிப் போட முடியாமல் பட்டியலில் ஏற்றிக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாவது, கமிட்டித் தீர்மானத்தின் நகல். கணினி வாங்க, ஆண்டுச் சந்தா கட்ட, கடவுச்சொல் யாரிடம் இருக்கும் என்று முடிவு செய்ய, எல்லாவற்றுக்கும் இது வேண்டும். சங்கமாகப் பதிவு செய்திருந்தால் அந்தச் சான்றிதழின் நகலும் கூடவே இருக்கட்டும்.

உறுப்பினர் நோட்டை இந்தக் காகிதங்களோடு சேர்க்காதீர்கள். நூல் விவரம் உலகத்துக்குத் தெரியலாம். யார் எந்த நூலை எடுத்தார், அவர் கைபேசி எண் என்ன என்பது தெரியக் கூடாது. இரண்டையும் ஒரே கூகுள் தாளில் வைத்து இணைப்பை வாட்ஸாப் குழுவில் போட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது.

3. செலவு, காலம்

மென்பொருளுக்குச் செலவே இல்லாமல் முடிக்கலாம். பழைய மடிக்கணினி ஒன்று யாராவது கொடுத்தால் நல்லது. வாங்கினால் 4 ஜிபி நினைவகத்துக்குக் குறையாமல் பாருங்கள். பார்கோடு படிக்கும் கருவி ஏறக்குறைய 2,000 ரூபாய். லேபிள் தாள், பசை, மேலே ஒட்ட ஒளிபுகும் டேப் என்று சில்லறைச் செலவு சேரும். யூபிஎஸ் கட்டாயம். இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க விரும்பினால் முகவரிக்கு ஆண்டுதோறும், சர்வருக்கு மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். இந்த இரண்டாவது செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று தெரியாமல் தொடங்காதீர்கள். முதல் ஆண்டு யாராவது உற்சாகமாகக் கட்டிவிடுவார்கள். அடுத்த ஆண்டு பக்கம் காணாமல் போகும்.

நேரக் கணக்கு இப்படி: பழகிய ஒருவருக்கு ஒரு தமிழ் நூலைப் பதிய ஐந்திலிருந்து எட்டு நிமிடம் ஆகும். தூசு தட்டுவது, எண் எழுதுவது, லேபிள் ஒட்டுவது இதில் சேராது. இரண்டிரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் நூலைப் பார்த்து வாசிக்க, மற்றவர் தட்டச்சு செய்தால் பிழை வெகுவாகக் குறையும்.

எந்த மாதம் தொடங்குவது? கூடலூர், பந்தலூர், ஊட்டிப் பக்கம் இருப்பவர்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தவிர்த்துவிடுங்கள். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு அக்டோபர், நவம்பர் ஆகாது. மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சரி, ஏப்ரல், மே? சீசன். கல்லூரிப் பிள்ளைகள் ஊரில் இருப்பார்கள், ஆனால் பாதிப் பேர் கடையிலோ காட்டேஜிலோ வேலைக்குப் போய்விடுவார்கள். என் கணக்கில் ஜனவரி, பிப்ரவரிதான் சரி. குளிர் உறைக்கும், ஆனால் காற்றில் ஈரம் இருக்காது, நூல்களை வெளியே எடுத்துப் பரப்பலாம்.

கோயம்புத்தூரிலிருந்து கணினிக்காரரை வரவழைப்பதாக இருந்தால் அவர் சொந்த வண்டியில் வருவாரா என்று கேளுங்கள். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். பாஸ் இலவசம்தான், ஆனால் எடுக்காமல் வந்து கல்லாறு சோதனைச் சாவடியில் நிற்க வைத்தால் அரை நாள் போச்சு. பேருந்தில் வந்தால் இந்தத் தொல்லை இல்லை.

4. எக்செல் போதுமா, கோஹா வேண்டுமா?

ஆயிரம் நூலுக்குள், இரவல் நோட்டிலேயே நடக்கிறது என்றால் எக்செல் போன்ற ஒரு விரிதாள் போதும். கூச்சப்பட வேண்டாம். ஒழுங்காகப் போட்ட விரிதாள், அரைகுறையாக நிரப்பிய பெரிய மென்பொருளைவிட எவ்வளவோ மேல்.

அதற்கு மேல் போனால், இரவலையும் கணினியிலேயே நடத்த வேண்டும் என்றால், கோஹா. நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000இல் பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருள் இது. உலகம் முழுக்க நூலகங்களில் ஓடுகிறது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் நிறுவ வேண்டும். நிறுவும்போது தமிழர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: தேடல் அட்டவணையை, எல்லா மொழி எழுத்தையும் கையாளும் ‘ஐசியூ’ முறையில் அமைக்கச் சொல்லுங்கள். வேறு முறையில் அமைத்தால் ஆங்கிலத் தலைப்பு தேடினால் வரும், தமிழ்த் தலைப்பு மக்கர் பண்ணும். நிறுவுகிறவருக்கு ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கும் பழக்கம் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் நீங்களே தேடிப் பாருங்கள்.

காசுக்கு விற்கும் மென்பொருள்களும் வரும். எங்களிடம் ஒரு நிறுவனம் முதல் ஆண்டு சல்லிசாகக் கொடுத்துவிட்டு, மறு ஆண்டு கட்டணத்தை ஏற்றியது. வெளியேறலாம் என்றால் நாங்களே தட்டச்சு செய்த விவரங்களை எங்களுக்கே எடுத்துத் தர மாட்டோம் என்றது. பணம் கொடுக்கும் முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். பத்து நூலை ஏற்றி, “இதை மார்க் 21 கோப்பாகவும் சிஎஸ்வி கோப்பாகவும் இறக்கிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். (மார்க் 21 என்ன என்பது அடுத்த பகுதியில். சிஎஸ்வி என்பது எந்த விரிதாளிலும் திறக்கும் எளிய கோப்பு.) கொடுத்தால் பேசலாம். மழுப்பினால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

5. எந்தெந்த விவரங்கள்?

மார்க் 21 என்பது நூல் விவரத்தை எண்ணிட்ட கட்டங்களில் போடும் உலகப் பொது முறை. ஆசிரியர் 100, தலைப்பு 245, பக்க அளவு 300, பொருள் 650, ஐஎஸ்பிஎன் (நூலுக்கான சர்வதேச எண்) 020 என்று போகும். மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. விரிதாள் போடுகிறவர்களும் பத்தி ஒவ்வொன்றின் தலையிலும் இந்த எண்ணை எழுதிவிடுங்கள். நாளைக்கு கோஹாவுக்கு மாறும்போது அது கைகொடுக்கும்.

கட்டாயம் வேண்டியவை: பதிவேட்டு எண், தலைப்பு, ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் அல்லது தொகுப்பாசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், மொழி, பொருள், அலமாரி. விலை, நன்கொடையாளர், நூலின் நிலை ஆகியவை விருப்பம்போல. மொழிபெயர்ப்பாளரை ஆசிரியர் கட்டத்திலேயே ஒட்டி எழுதிவிடுவதைப் பல பட்டியல்களில் பார்க்கிறேன். தனிக் கட்டம் கொடுங்கள். அவர் பெயரைச் சொல்லித் தேடி வருகிறவர்கள் உண்டு.

இங்கே புரிந்துகொள்ள வேண்டியது நூல் வேறு, பிரதி வேறு. ஒரே நூல் மூன்று பிரதி இருந்தால் நூல் விவரம் ஒரு முறைதான் எழுதப்பட வேண்டும். அதன்கீழ் மூன்று பதிவேட்டு எண்கள். கோஹாவில் பிரதிக்கு 952 என்ற தனிக் கட்டமே உண்டு. விரிதாளில் மூன்று வரி போடத்தான் வேண்டும், ஆனால் மூன்றிலும் தலைப்பை நகலெடுத்து ஒட்டுங்கள். திரும்பத் தட்டச்சு செய்தால் மூன்று எழுத்துக்கூட்டல் வரும்.

ஆண்டு விஷயத்தில் தமிழ்ப் பதிப்பகங்கள் நம்மைச் சோதிக்கும். ‘முதற்பதிப்பு’, ‘இரண்டாம் அச்சு’, ‘எங்கள் முதற்பதிப்பு’ என்று மூன்று ஆண்டுகள் ஒரே பக்கத்தில் இருக்கும். கையில் இருக்கும் பதிப்பின் ஆண்டைக் கட்டத்தில் போடுங்கள், மற்றவை குறிப்பில். ஆண்டே இல்லாத நூல்களும் வரும். ஊகித்து எழுதாமல் ‘ஆண்டு இல்லை’ என்றே விடுங்கள்.

ஐஎஸ்பிஎன் இருந்தால் கருவியால் ஒரு நொடியில் படித்துவிடலாம். 2007க்கு முன் வந்தவற்றில் 10 இலக்கம், பின் வந்தவற்றில் 13. பழைய நூல்களில் இருக்கவே இருக்காது. எண்ணைக் கொடுத்தால் விவரம் தானாக வந்து நிரம்பும் என்ற ஆசை ஆங்கில நூல்களுக்குப் பலிக்கும். தமிழுக்கு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலிருந்து பதிவுகளை இறக்கலாம். அங்கே தமிழ் நூல்கள் ஏராளம். ஆனால் தலைப்பும் ஆசிரியரும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில், மேலும் கீழும் புள்ளி கோடுகளோடு இருக்கும். நம்மூர்ப் பையன் அப்படித் தேட மாட்டான். இறக்கினால் தமிழில் மாற்றி எழுதிய பிறகே சேமியுங்கள்.

6. பெயர்: இங்கேதான் மெதுவாகப் போக வேண்டும்

ஒரு நூலைக்கூடப் பதியும் முன், ஒரு தாளில் பெயர் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எங்கள் சுவரில் ஒட்டியிருப்பதை அப்படியே தருகிறேன். நீங்கள் வேறு விதி வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும்.

தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி, புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி. இந்த இடைவெளி இருந்தும் இல்லாமலும் எழுதினால் கணினிக்கு இரண்டு ஆட்கள். வரிசைப்படுத்தும் கட்டத்தில் பெயர் முதலில், காற்புள்ளி, பிறகு தலைப்பெழுத்து. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பெழுத்து அப்பா பெயரோ ஊர்ப் பெயரோதான். அதை முன்னால் வைத்து வரிசைப்படுத்தினால் ‘எஸ்.’ என்ற ஒரே தலைப்பின்கீழ் பாதித் தமிழிலக்கியம் போய் நிற்கும்.

பட்டங்கள் வேண்டாம். டாக்டர், பேராசிரியர், கவிஞர், புலவர், திரு எல்லாம் அட்டையோடு நிற்கட்டும். இல்லாவிட்டால் மு. வரதராசன், டாக்டர் மு.வ., மு. வரதராசனார் என்று ஒரே மனிதர் மூன்று இடத்தில் இருப்பார்.

புனைபெயரில் அறியப்பட்டவர் புனைபெயரிலேயே இருக்கட்டும். கல்கி என்று தேடுகிறவர்தான் அதிகம், ரா. கிருஷ்ணமூர்த்தி என்று தேடுகிறவருக்கு ‘கல்கியைப் பார்க்க’ என்று ஒரு வழிகாட்டல் வைத்தால் போதும். கோஹாவில் இதற்கு ‘அத்தாரிட்டி’ என்ற தனிப் பகுதி உண்டு. ஒரு முறை போட்டு, நூல் பதிவுகளோடு இணைத்து, அமைப்புகளில் அதற்கான தேர்வையும் இயக்கிவிட்டால் எந்த வடிவில் தேடினாலும் ஒரே இடத்துக்கு வரும். விரிதாளில் ‘வேறு பெயர்கள்’ என்று ஒரு பத்தி சேர்த்து எல்லா வடிவத்தையும் அங்கே கொட்டிவிடுங்கள். அழகாக இருக்காது, ஆனால் தேடினால் கிடைக்கும்.

இதே சிக்கல் ஊர்ப் பெயரிலும் உண்டு. உதகமண்டலம், உதகை, ஊட்டி மூன்றும் ஒரே ஊர்தான். பொருள் கட்டத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் (நாங்கள் உதகமண்டலம்), மற்றவற்றிலிருந்து வழிகாட்டல் வையுங்கள். தலைப்பில் மட்டும் கை வைக்காதீர்கள். நூலில் ‘ஊட்டி’ என்று இருந்தால் தலைப்புக் கட்டத்திலும் ஊட்டிதான்.

7. தமிழ் எழுத்து செய்யும் குறும்புகள்

எல்லாக் கணினிக்கும் கைபேசிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு யூனிகோடு. அது தவிர வேறெதிலும் தட்டச்சு செய்யாதீர்கள். டிடிபி கடைக்காரர் “பட்டியல் நானே அடிச்சுத் தரேன்” என்று பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுப்பார். அவர் கணினியில் தமிழாகத் தெரியும், உங்களுடையதில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். பணம் கொடுக்கும் முன் கோப்பைக் கைபேசியில் திறந்து பாருங்கள்.

யூனிகோடிலும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருக்கும் எழுத்துகள் உண்டு. கௌரி என்பதில் வருவது ஔகாரக் குறி. அதைக் கெ, ள என்று இரண்டாக அடித்து ‘கெளரி’ என்று வைப்பவர்கள் நிறைய. தேடினால் ஒன்று இன்னொன்றைக் காட்டாது. ஸ்ரீ என்ற எழுத்தையும் இரண்டு விதமாக உருவாக்கலாம். விசைப்பலகை எதுவோ அதைப் பொறுத்தது, திரையில் வித்தியாசமே தெரியாது. கொம்பும் காலும் தனித்தனியாக விழுந்த ‘கொ’ இன்னொரு வகை. நல்ல மென்பொருள் அதைச் சமாளித்துக்கொள்ளும், விரிதாள் சில நேரம் சமாளிக்காது. பழைய நூல்களில் தமிழ் எண்கள் இருந்தால் ௧ என்ற ஒன்றைக் ககரமாகவும், ௭ என்ற ஏழை எகரமாகவும் வாசித்து அடித்துவிடுவார்கள். பக்க எண்ணை 1, 2 என்ற எண்களிலேயே எழுதச் சொல்லுங்கள்.

மருந்து எளிதுதான். எல்லோருக்கும் ஒரே விசைப்பலகை, தமிழ்99 ஆனாலும் சரி, ஒலிபெயர்ப்பு முறை ஆனாலும் சரி. வாரக் கடைசியில் ஒருவர் ‘கெள’, ‘மெள’, ‘செள’ போன்றவற்றைத் தேடிப் பார்த்துத் திருத்தட்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுமொத்தமாக மாற்றாதீர்கள். ‘கெளுத்தி’ மீன் ‘கௌுத்தி’ ஆகிவிடும்.

அகர வரிசையும் ஏமாற்றும். யூனிகோடு எண் வரிசையில் ஜ என்பது சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ன என்பது நகரத்தை ஒட்டி, ற என்பது ரகரத்தை ஒட்டி. புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால். அதனால் ‘கலை’ முதலிலும் ‘கல்வி’ பிறகும் வரும். மெய்யெழுத்தை முன்வைக்கும் அகராதி முறைக்கு இது நேர் எதிர். மென்பொருளில் தமிழ் வரிசை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வரிசையை நம்பி அச்சிட்ட பட்டியல் தயாரிக்காதீர்கள்.

எக்செல்லுக்கு மூன்று கெட்ட பழக்கங்கள். ஐஎஸ்பிஎன்னை நீளமான எண்ணாக நினைத்துச் சுருக்கிக் காட்டும். 00045 என்றால் முன்னால் உள்ள பூஜ்யங்களைத் தின்றுவிடும். 3-4 என்று அலமாரி எண் கொடுத்தால் அதைத் தேதியாக்கிவிடும். தொடங்கும் முன்பே எல்லாப் பத்திகளையும் ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது ‘யூடிஎஃப்-8’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வி என்றால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகப் போய்விடும், திரும்ப எடுக்கவே முடியாது.

8. பொருள் பிரிப்பு

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டியூவி பகுப்பில் தமிழிலக்கியத்துக்கு 894.811. கவிதைக்கு 894.8111, புனைகதைக்கு 894.8113. நம் நூலகங்களில் என்ன ஆகும் என்றால், முக்கால்வாசி நூல்கள் 894.8113இல் குவியும். அதனால் எண்ணோடு ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்துகளையும் சேர்த்து முதுகில் ஒட்டுங்கள். மற்ற பொருள்களுக்கு எண் தெரியாவிட்டால் உதகையில் மாவட்ட மைய நூலகத்துக்குப் போய் அதே மாதிரி நூல் எந்த எண்ணில் இருக்கிறது என்று பார்த்து வரலாம்.

நம் மலையைப் பற்றிய நூல்களுக்கு மட்டும் தனி அலமாரி, தனி நிற லேபிள். இந்த நூல்கள் டியூவியில் மானிடவியல், மொழியியல், தாவரவியல், வரலாறு என்று சிதறிவிடும், கேட்டு வருகிறவரோ “நீலகிரி பத்தி என்ன இருக்கு?” என்றுதான் கேட்பார். எண்ணை மாற்ற வேண்டாம், இருப்பிடத்தை மட்டும் ‘மலை அலமாரி’ என்று குறித்தால் போதும். பொருள் தலைப்பில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், படகர் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனித் தலைப்பு கொடுங்கள். ‘பழங்குடியினர்’ என்ற ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். அந்தந்தச் சமூகத்துப் பெரியவர்களிடம் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டு எழுதுவது இன்னும் நல்லது.

மொழிக் கட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. மார்க் மொழிப் பட்டியலில் தமிழுக்குத் தனிக் குறியீடு உண்டு. படகர் பேசும் படகு மொழி, தோடா, கோத்தா ஆகியவை ‘திராவிட மொழிகள்’ என்ற பொதுக் குறியீட்டுக்குள் போய்விடும். தமிழெழுத்தில் அச்சான படகு மொழிப் பாட்டுப் புத்தகத்தைத் ‘தமிழ்’ என்று பதிந்துவிடுவது இப்படித்தான் நடக்கிறது. ஐஎஸ்ஓ 639-3 என்ற விரிவான பட்டியலில் இம்மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடு இருக்கிறது. 041ஆம் கட்டத்தில் அதைப் பயன்படுத்த மார்க் இடம் தருகிறது. விரிதாள்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, மொழியின் பெயரை எழுதினால் முடிந்தது.

9. லேபிளும் ஈரமும்

பார்கோடில் பதிவேட்டு எண் மட்டும் இருந்தால் போதும். சீட்டில் எண்ணைக் கண்ணால் படிக்கும்படியும் அச்சிடுங்கள். கரண்ட் இல்லாத நாளில் நோட்டில் எழுதிக்கொள்ளலாம். பில் போடும் தெர்மல் தாள் வேண்டாம், நாளாக ஆக வெளிறிவிடும். லேசர் அச்சு எடுத்து, மேலே அகலமான டேப் ஒட்டுங்கள். மூடுபனி மாதங்களில் வெறும் பசை நிற்காது, ஓரத்திலிருந்து சுருண்டு வரும். பூசணம் பிடித்த நூலை மற்றவற்றோடு அடுக்கும் முன் தனியே வைத்து உலர்த்துங்கள்.

அட்டைப் படம் எடுப்பதாக இருந்தால் கைபேசி ஃபிளாஷ் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். படக் கோப்பின் பெயர் பதிவேட்டு எண்ணாகவே இருக்கட்டும். படம் கட்டாயமில்லை. நேரம் இல்லாவிட்டால் இதை முதலில் விட்டுவிடலாம்.

10. தேடும் பக்கம் எப்படி இருக்க வேண்டும்?

பெரும்பாலோர் கைபேசியில்தான் பார்ப்பார்கள். திரையில் முதலில் தெரிய வேண்டியவை நான்கு: தலைப்பு, ஆசிரியர், உள்ளே இருக்கிறதா, எந்த அலமாரி. பக்க எண்ணிக்கையும் பதிப்பகமும் தொட்டால் விரியட்டும். கோஹா தொடக்கத்தில் எல்லாவற்றையும் கொட்டிக் காட்டும். தேவையில்லாததை மறைக்க அமைப்புகளில் வழி உண்டு. தேடல் பெட்டி ஒன்று போதும். ‘மேம்பட்ட தேடல்’ நூலகருக்கான வசதி, வருகிறவர் யாரும் தொட மாட்டார். வடிகட்ட மொழி, பொருள், அலமாரி இருந்தால் நிறைய.

திறப்பு விழாவுக்கு முன் மூன்று பேரை உட்கார வைத்துச் சோதியுங்கள்: பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, தினமும் பேப்பர் படிக்க வரும் பெரியவர் ஒருவர், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தே பழகிய இளைஞர் ஒருவர். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவர்கள் என்ன அடிக்கிறார்கள் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாமவருக்காகத் தலைப்பை ஆங்கில எழுத்திலும் ஒரு துணைக் கட்டத்தில் போட வேண்டியிருக்கலாம். எல்லா நூலுக்கும் வேண்டாம், அடிக்கடி கேட்கப்படுகிறவற்றுக்குப் போதும்.

கணினிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். ‘தேடிக் கிடைக்காதவை’ என்று தலைப்பு. நூல் அலமாரியில் இருந்தும் தேடலில் வராதவை அதில் சேரும். எந்தப் பெயர் விதியைத் திருத்த வேண்டும் என்பது அங்கேதான் தெரியும்.

11. காப்புப் பிரதி, கைமாற்றல்

கோஹா தினமும் தானாகக் காப்புப் பிரதி எடுத்து அதே கணினியில் வைத்துக்கொள்ளும். கூரை ஒழுகி அந்தக் கணினியே நனைந்தால் என்ன பயன்? மாதம் ஒரு முறை பென்டிரைவில் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். இன்னொரு பிரதி மலைக்குக் கீழே, கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ உள்ள உறுப்பினர் ஒருவரிடம் இருக்கட்டும். காப்புப் பிரதியோடு சிஎஸ்வி கோப்பு ஒன்றையும் சேர்த்து வைத்தால், கோஹா தெரியாதவரும் திறந்து பார்க்க முடியும்.

ஆண்டுக்கு ஒரு முறை இருப்புச் சரிபார்ப்பு. அலமாரி அலமாரியாக பார்கோடு படித்துக்கொண்டே போனால் காணாத நூல்களின் பட்டியல் வந்துவிடும். அந்தப் பதிவுகளை அழிக்காதீர்கள், ‘காணவில்லை’ என்று மட்டும் குறியுங்கள். யாராவது வீட்டைக் காலி செய்யும்போது நூல் திரும்பி வரும். அந்த எண் அதற்குள் வேறு நூலுக்குப் போயிருக்கக் கூடாது.

கடவுச்சொற்கள், சர்வர் கணக்கு, இணைய முகவரி யார் பெயரில் எந்த மின்னஞ்சலில் வாங்கப்பட்டது என்ற விவரம், இவற்றை ஒரு தாளில் எழுதி உறைக்குள் போட்டு ஒட்டி, கமிட்டியின் பீரோவில் வையுங்கள். செயலாளர் மாறும் கூட்டத்தில் அந்த உறையைப் பிரித்து, கடவுச்சொல்லை மாற்றி, புது உறையில் மறுபடி ஒட்டிவிட்டுத்தான் மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.